மூன்றே மூன்று சனிக்கிழமை

ஹெரன் கோவ், நோவா ஸ்கோஷியா
2 மார்ச் 1980

என் அருமை மருமகள் மேவிஸுக்கு,

அட்லாண்டிக் கடலின் மேற்குக் கரைக்கு அதிபதியும், ஒரே படகுள்ள கடற்படைக்குத் தளபதியும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான பர்னெல் மாமா எழுதுவது. நானும் உன் எல்வா அத்தையும் சுகம். ‘டச்சஸ்’ சுகமில்லை.

நேற்றுக் காலை கொட்டகைக்குப் போனேன். படகைப் பார்க்க அல்ல, சத்தியமாக. அத்தையின் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு திருகாணி தேடித்தான். போனவன் டச்சஸை ஒரு சுற்று சுற்றி வந்தேன். மேல்தளத்தில், பாய்மரம் நிற்கும் துளைக்குப் பக்கத்தில், வண்ணம் ஒரு பொத்தான் அளவுக்குக் கொப்புளித்திருந்தது. சட்டைப்பையில் கத்தி இருந்தது. மனிதன் என்னதான் செய்வான்? முனையை வைத்துச் சும்மா அழுத்தினேன். வெண்ணெயில் போவதுபோலப் பிடிவரை போய்விட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் என் கை, தோள், தொப்பி எல்லாம் வரிசையாக உள்ளே போய், நான் படகின் அடிவழியாக வெளியே வந்து விழுந்திருப்பேன்.

ஆகவே திட்டம் தீட்டியாகிவிட்டது. மூன்றே மூன்று சனிக்கிழமை. முதல் வாரம் உளுத்த பலகைகளைப் பிரிப்பது. இரண்டாம் வாரம் புதுப்பலகை. மூன்றாம் வாரம் வண்ணம். கையோடு கையாக அடியில் இருக்கும் ஒன்றிரண்டு குறுக்குச் சட்டங்களையும் பார்த்துவிடுவேன்.

இடையில் வீடு என்று ஒன்று இருக்கிறது. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். போன வருஷச் சண்டைக்குப் பிறகு அத்தையும் நானும் ஓர் உடன்படிக்கை செய்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். படகுக்கு ஒரு வேலை செய்தால் வீட்டுக்கு ஒரு வேலை. வீட்டுப் பட்டியலில் பத்தொன்பது இனம் இருக்கிறது. அவள் எழுதும் எழுத்து சின்னது.

உன் படகு ‘பஃபின்’ பத்திரம். இந்த வருஷம் டச்சஸ் கடலுக்குப் போயே தீருவாள் என்று செப்டம்பரில் சபதம் செய்து, அவளை வாசலுக்குக் கொண்டுவந்து, உன் பஃபினை உள்ளே தள்ளியவன் நான்தான் அல்லவா? கொட்டகைக்கு ஒரே வாய். டச்சஸ் வெளியே போனதும் பஃபின் பின்னாலேயே வந்துவிடும். கவலைப்படாதே.

ஃபோனில் சொல்லலாமே என்பாய். எங்கள் ஃபோன் கம்பி ஒன்றிலேயே ஐந்து வீடு தொங்குகிறது, யார் எடுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். நான் ஹலோ சொல்வதற்குள் நிக்கிள் வீட்டு அம்மாள் உனக்கு முழுக்கதையும் சொல்லி முடித்திருப்பாள்.

உன் மாமா,
பர்னெல்


ஒட்டாவா
11 மார்ச் 1980

அன்புள்ள மாமா,

கவலைப்படாதே என்று நீங்கள் எழுதிய இடத்திலிருந்துதான் எனக்குக் கவலை ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உங்களிடமும் அத்தையிடமும் சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன், நிதானமாக. ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை எங்கள் வீட்டை நார்வேயிலிருந்து வரும் ஒரு பேராசிரியர் குடும்பத்துக்கு விட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் நான், கோர்டன், பிள்ளைகள் இருவர், நால்வரும் பஃபினில் குடியிருப்போம். அதாவது பஃபின் எங்களுக்கு விடுமுறை இல்லை, மாமா. வீடு. அது தண்ணீரில் இல்லாவிட்டால் எங்களுக்குக் கூரை இல்லை.

உங்கள் கொட்டகைச் சரிவில் படகு இறங்க வேண்டுமென்றால் பௌர்ணமி அல்லது அமாவாசைக் கடல் பெருக்கு வேண்டும். ஜூன் இருபத்தெட்டு பௌர்ணமி. அதைத் தவறவிட்டால் ஜூலை நடுவில் அமாவாசைக்குத்தான் அடுத்தது. நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். நீங்களும் இடுங்கள், அத்தையின் உடன்படிக்கைக்குப் பக்கத்தில்.

ஒரே ஒரு வேண்டுகோள். டச்சஸை இப்போதே வெளியே இழுத்து, மேலே தார்ப்பாய் போட்டு, புல்வெளியில் வைத்து ஆற அமரப் பழுது பாருங்கள். பத்து வருஷம் பாருங்கள். யார் கேட்கப்போகிறார்கள்? அது முடியாதென்றால் கொட்டகையின் பின்சுவரைப் பிரித்துப் பஃபினை அந்தப் பக்கமாக எடுத்துவிடலாமா?

இன்னொன்று. ‘கையோடு கையாக’ என்ற சொல்லை இனி எனக்கு எழுதாதீர்கள். எட்டு வருஷத்துக்கு முன் நீங்கள் கையோடு கையாக எங்கள் சமையலறைக் குழாயைச் சரிசெய்தீர்கள். அந்த ஈஸ்டர் முழுக்க நாங்கள் பக்கத்து வீட்டில் குளித்தோம்.

அன்புடன்,
மேவிஸ்


ஹெரன் கோவ்
24 மார்ச் 1980

அருமை மருமகளே,

உன் கடிதம் வந்தபோது நான் ஏணிமேல் நின்று புகைபோக்கியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன் (வீட்டுப் பட்டியல், இனம் நான்கு). அத்தை கீழே நின்று உரக்கப் படித்தாள். பாதியில் ஏணியைப் பிடிப்பதை விட்டுவிட்டு, உன் பக்கம் நியாயம் என்று தலையாட்டினாள். மயிரிழையில் உயிர் தப்பினேன்.

டச்சஸை வெளியே இழுக்க முடியாது. ஒரு பலகையைப் பிரித்தேன். பக்கத்துப் பலகை அதற்குத் துக்கம் விசாரிக்க வந்ததுபோலக் கூடவே வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இப்போது மேல்தளமே இல்லை. குறுக்குச் சட்டங்களில் ஆறு இல்லை. இந்த நிலையில் இழுத்தால் இரண்டு பக்கமும் விரிந்து, மூடியில்லாத கூடைபோல வாயைப் பிளந்துவிடுவாள். புதுச் சட்டங்கள் உட்கார்ந்த பிறகுதான் அசைக்கலாம். பின்சுவரையும் பிரிக்க முடியாது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் அத்தையின் நிலவறை. முட்டைக்கோஸ் பீப்பாயும் நூற்றுப்பத்து ஜாடி ருபார்ப் ஜாமும் இருக்கின்றன. எதிரியின் கோட்டையில் கைவைப்பேன், அதில் வைக்க மாட்டேன்.

வேலை நடக்காமல் இல்லை. பக்கவாட்டு விலாக்கட்டைகளில் மூன்று மேல்நுனியில் மக்கியிருந்தன. புது ஓக் கட்டையை நீளப் பெட்டியில் வைத்து ஆவி காட்ட வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம். எடுத்தால் அரை நிமிஷத்துக்குள் வளைத்துக் கவ்வி போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மறுபடி மரமாகிவிடும். சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கையுறை மாட்டி, கட்டையை வெளியே உருவிய அதே நொடியில் வாசலில் அத்தை.

“சூப்பு ஆறுது.”

“எல்வா, கையில கட்டை இருக்கு.”

“கையிலதான கட்டை இருக்கு? வாயி சும்மாதான இருக்கு.”

அதற்குப் பதில் யோசித்த நேரத்தில் கட்டை விறைத்துவிட்டது. கோடையில் அது தோட்டத்தில் அவரைக்கொடிக்கு ஊன்றுகோலாகும்.

ஆவிக்கு அத்தையின் பெரிய கெட்டிலைத்தான் வைத்திருந்தேன். மாதா கோவில் விருந்துக்கு வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டாள். அதனால் உன் பஃபினின் சின்ன அடுப்பையும் கெட்டிலையும் கொஞ்ச காலத்துக்குக் கடனாக எடுத்திருக்கிறேன். நீ இங்கே இருந்தால் நீயே கொடுத்திருப்பாய்.

மாமா


ஒட்டாவா
2 ஏப்ரல் 1980

மாமா,

நான் அங்கே இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

மூன்று சனிக்கிழமை முடிந்து இன்றோடு பதினோரு நாள். நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன். உங்கள் உடன்படிக்கைப்படி பத்தொன்பது வீட்டு வேலை செய்தால் பத்தொன்பது படகு வேலைதான் செய்யலாம். மேல்தளம் இல்லாத படகுக்குப் பத்தொன்பது வேலை எந்த மூலைக்குப் போதும்? அத்தையிடம் பேசி ஜூன் முடியும்வரை வீட்டு வேலையைத் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன்.

எனக்கு மட்டும் வீடில்லையா? பேராசிரியர் மூன்று கடிதம் எழுதிவிட்டார். அலமாரிகள் காலியாக இருக்குமா, பியானோ சுருதி சேர்த்ததா, அடித்தளத்தில் ஈரம் உண்டா. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து விடைத்தாள் திருத்தி, ஒரு அலமாரியைக் காலிசெய்தால், கோர்டன் அதிலிருந்து எடுத்த பொருள்களை இன்னொரு அலமாரியில் நிரப்புகிறார். “உங்க மாமா முடிச்சிடுவாரா?” என்று தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்கிறார். ஆம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் முன் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு உங்களால் வந்தது.

பஃபினிலிருந்து நீங்கள் எடுத்தவை என்னென்ன என்று முழுப் பட்டியல் வேண்டும். அடுத்த தபாலில்.

மேவிஸ்


ஹெரன் கோவ்
20 ஏப்ரல் 1980

இரக்கமில்லாத மருமகளே,

பட்டியல் கேட்டாய். பட்டியல் என்ற சொல் இந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறது. அதனால் பாவமன்னிப்புக் கேட்பவன்போல மனம் திறந்து சொல்கிறேன்.

அடுப்பு, கெட்டில் உனக்குத் தெரியும். பம்பை எடுத்தேன், டச்சஸின் பம்புத் தோல் கிழிந்திருந்தது. வெண்கல போல்ட்டு கொஞ்சம். அறுபது என்பது கொஞ்சம்தானே? அறைமேல் மூடும் கதவுப்பலகை. அப்புறம் குறுக்குச் சட்டம் இரண்டு. சரி, நான்கு. கோபப்படுவதற்கு முன் முழுதும் கேள். மரம் அறுக்கும் ஆள் கொடுத்த ஓக், மேப்பிள் சாறுபோல ஒழுகும் பச்சை மரம். நல்ல மரம் வர ஆறு வாரமாகும் என்றான். அளவெடுக்கலாம் என்றுதான் பஃபினின் சட்டத்தைக் கழற்றினேன். அளவுக்காகத்தான் டச்சஸில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரே வருஷம் ஒரே அச்சில் கட்டிய படகுகள் அல்லவா, கையுறைக்குள் கைபோல உட்கார்ந்துவிட்டது. அப்படிப் பொருந்தியதைப் பிரிப்பது பாவம். பசை போட்டேன்.

பசை காயும்வரை பாரம் வைக்க வேண்டும். பீப்பாயில் முட்டைக்கோஸ்மேல் வைக்கும் கல்லைத்தான் எடுத்தேன். ஒரு இரவுக்கு. காலையில் முட்டைக்கோஸ் பொங்கி எழுந்து மூடியைத் தள்ளி, நிலவறைப் படிக்கட்டில் பாதி தூரம் ஏறி வந்துவிட்டது. அத்தை பேனாவை எடுத்தாள். வீட்டுப் பட்டியல் இப்போது இருபத்தாறு இனம்.

இன்னொரு துயரம். என் கத்தி காணவில்லை. முப்பது வருஷம் என் பையில் இருந்த கத்தி. அத்தையைக் கேட்டேன். தெரியாது என்றாள், கேள்வி முடிவதற்கு முன்பே. ஆனால் ஒரு விசித்திரம் பார். கத்தி போன நாளிலிருந்து டச்சஸில் புதிதாக ஒரு உளுப்பும் அகப்படவில்லை. கையால் தட்டிப் பார்த்தால் எல்லாம் கெட்டியாகத்தான் கேட்கிறது. வேலை முன்னால் போகிறது. எனக்கே பயமாக இருக்கிறது.

மாமா


ஒட்டாவா
3 மே 1980

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஃபோன் செய்தேன். நீங்கள் கொட்டகையில் இருந்தீர்களாம். அத்தை எடுத்தாள். என்ன பேசினோம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

“அத்தை, பஃபின்ல என்னதான் மிச்சம் இருக்கு?”

“பேரு இருக்கு கண்ணு. நேத்துகூடப் பார்த்தேன். பேரு அப்படியே இருக்கு.”

“சுக்கானு போன வியாழக்கிழமையே போயிடுச்சு மேவிஸு,” என்றது மூன்றாவது குரல். நிக்கிள் அம்மாள்.

“ஃபோனை வையி ஹில்டா,” என்றாள் அத்தை.

“வெச்சிடறேன். அந்தப் பாய்மரக் கம்பிங்களையும் கேட்டுக்கோ, கண்ணு. அதுவும் போயிடுச்சு.”

ஆக, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது. இது என் அம்மாவின் படகு, மாமா. கழற்றிப் போட்ட சாமான் கடை இல்லை.

விக்டோரியா தின விடுமுறைக்குக் கோர்டனும் நானும் வருகிறோம். இரண்டு நாள் காரோட்டி வந்து, ஒரு நாள் இருந்து, இரண்டு நாள் காரோட்டித் திரும்புவோம். வரும்போது சுக்கான் பஃபினில் இருக்கட்டும்.

மேவிஸ்


ஹெரன் கோவ்
26 மே 1980

மேவிஸ்,

நீ போய் ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரமாக நான் சாப்பிடவில்லை. காலையிலும் மத்தியானத்திலும் ராத்திரியிலும் தவிர.

சுக்கானை நான் திரும்ப வைக்காதது தப்பு. நீ கத்தியதும் சரி. ஆனால் அத்தை, கோர்டன், ஒரு பெரிய கிண்ணம் முட்டைக்கோஸ், இத்தனை சாட்சிகளுக்கு முன்னால் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. “உங்களுக்கு வேண்டியது படகு இல்ல மாமா, ஓட்டைதான். ஓட்டை இருக்கிறவரைக்கும்தான் உங்களுக்குச் சோறு எறங்கும்.” நான் கதவை அறைந்துவிட்டு வெளியே போனேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அது இப்போது பட்டியலில் இனம் இருபத்தேழு.

ராத்திரி அத்தையிடம் கேட்டேன், நீ சொன்னது நிஜமா என்று. அத்தை பின்னல் ஊசியைக் கீழே வைக்கவில்லை. “ஆறு வருஷமா டச்சஸ் நனையல, பர்னெல். நான் வேற என்ன சொல்றது?” என்றாள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இதைக் கோர்டனுக்குப் படித்துக் காட்டாதே. உன் அம்மா ஊனாவும் நானும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கலங்கரை விளக்குவரை போட்டி போடுவோம். இருபத்திரண்டு வருஷம். இருபத்திரண்டு தடவையும் அவள்தான் ஜெயித்தாள். ஒரே அச்சு, ஒரே மரம், ஒரே ஆள் தைத்த பாய். ஒவ்வொரு தடவையும் கரையேறி நான் சொல்வது ஒன்றே: “என் படகுல எங்கியோ ஒரு பழுது இருக்கு, ஊனா. அடுத்த வருஷம் கண்டுபிடிச்சிடுவேன்.” அவள் சிரிப்பாள். “தேடு, தம்பி,” என்பாள். எழுபத்துநாலில் அவள் போய்விட்டாள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்காமல் டச்சஸ் தண்ணீரில் இறங்கினால், பழுது எங்கே இருந்தது என்று எனக்கும் தெரிந்துவிடும், ஊருக்கும் தெரிந்துவிடும்.

அவ்வளவுதான். கிழவன் புலம்பல். ஜூன் இருபத்தெட்டு.

பர்னெல் மாமா


ஒட்டாவா
6 ஜூன் 1980

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கோர்டனுக்குப் படித்துக் காட்டவில்லை. நான்தான் நாலு தடவை படித்தேன்.

நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும் சுக்கான் நினைவுக்கு வந்துவிட்டது. அதனால் பாதி மன்னிப்பு கேட்கிறேன். மீதிப் பாதியைப் பஃபின் வெளியே வந்தபின் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே நிலைமை இதுதான். பேராசிரியரின் பெட்டிகள் கப்பலில் வந்து எங்கள் கூடத்தில் இறங்கிவிட்டன. பதினாறு பெட்டி. வேறு வழி உண்டா என்று தேடினோம். கோர்டனின் அம்மா தன் வீட்டு அடித்தள அறையைக் கொடுக்கிறேன் என்கிறார். அங்கே ஜன்னல் ஒன்று, அதுவும் குப்பைத்தொட்டியைப் பார்த்து. அங்கே இரண்டு மாதம் இருந்தால் நாங்கள் குடும்பமாகத் திரும்ப மாட்டோம், தனித்தனியாகத்தான் திரும்புவோம். “அம்மா ஆசையாத்தான கூப்பிடறாங்க,” என்கிறார் கோர்டன். அவர் அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை.

எப்படியும் ஜூலை இரண்டாம் தேதி மாலை அங்கே இருப்போம். அழகாக இருக்க வேண்டியதில்லை. வண்ணம் இல்லாவிட்டால் போகிறது. நால்வர் படுக்க இடம், ஒரு அடுப்பு, கீழே தண்ணீர், உள்ளே தண்ணீர் இல்லை. இந்த லட்சணங்களோடு எது மிதந்தாலும் ஏறிக்கொள்கிறேன்.

மேவிஸ்


டச்சஸ், சாப்பாட்டு மேசை
2 ஜூலை 1980

அருமை மருமகளே, மரியாதைக்குரிய கோர்டன், பிள்ளைகளே,

இந்தக் கடிதத்தின்மேல் இருக்கும் கல் அத்தையின் முட்டைக்கோஸ் கல். படித்து முடித்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவும். என்னைத் தேட வேண்டாம். அத்தையும் நானும் மாதா கோவில் ஸ்ட்ராபெர்ரி விருந்துக்குப் போயிருக்கிறோம். உன் கோபம் ஆறும்வரை ஒவ்வொரு கிண்ணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நீ எழுதினாய்: எது மிதந்தாலும் ஏறிக்கொள்கிறேன் என்று. கையெழுத்தும் போட்டிருக்கிறாய். மிதப்பது இது.

பஃபினை வெளியே எடுக்க நினைத்தேன், நம்பு. ஜூன் பதினான்காம் தேதி அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுப்பு, பம்பு, சுக்கான், கதவுப்பலகை, கம்பிகள், நான்கு சட்டம். சரி, ஏழு. எல்லாம் எங்கே என்று திரும்பிப் பார்த்தால் டச்சஸ் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து வீட்டு நகையெல்லாம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவள்போல. பசை போட்டதைப் பிரித்தால் இரண்டு படகும் விறகு. நிறுத்துப் பார்த்தால் இந்த டச்சஸில் மூன்றில் ஒரு பங்கு உன் பஃபின்தான். ஆகவே சட்டப்படி நீ உன் வீட்டில்தான் இருக்கிறாய்.

மிச்ச வேலையை எப்படி முடித்தேன் என்று கேள். பதினைந்தாம் தேதி அத்தை குளிர்பெட்டிக் கதவிலிருந்து உடன்படிக்கையைக் கிழித்தாள். இருபத்தேழு இனத்தையும் நான்காக மடித்து ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். “வீடு செப்டம்பர்வரைக்கும் நிக்கும். பிள்ளைங்க நிக்காது. போ,” என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்ட மிக அழகான பேச்சு. அன்றிலிருந்து அவளே வந்து சுத்தியலுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தாள். கடைசி விலாக்கட்டையை அவள்தான் வளைத்தாள். சூப்பு ஆறியது. யாரும் கூப்பிடவில்லை.

பௌர்ணமி சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை இறக்கலாம் என்று ஒரு அறிவாளி சொன்னான். வெள்ளியில் கடலிறங்கிய படகு எதுவும் உருப்பட்டதில்லை என்று அவனை விரட்டினேன். பாய்மரத்தின் அடியில் வழக்கப்படி ஒரு காசு வைத்தேன். அதன் பக்கத்தில் ஊனாவின் பழைய கோட்டுப் பொத்தானையும் வைத்தேன், ஏன் என்று கேட்காதே. இறக்கிய முதல் நாள் வடிகட்டியைப்போல ஒழுகினாள். ஆறு வருஷம் காய்ந்த பலகை ஊற வேண்டாமா? இரவு பகலாக உன் பம்பை அடித்தேன், நல்ல பம்பு. மூன்றாம் நாள் பலகைகள் உப்பி மூடிக்கொண்டன. இப்போது அடியில் எறும்பு குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

எடுத்துக்கொண்டு போ. ஆகஸ்ட் கடைசிவரை உன்னுடையவள். நான் பஃபினை வாசலுக்கு இழுத்துக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. நிதானமாகத் திருப்பிக் கட்டித் தருகிறேன்.

ஒரே நிபந்தனை. எங்கேயும் கத்தியால் குத்திப் பார்க்காதே.

மாமா

பி.கு.: கலங்கரை விளக்குப் பக்கம் போனால், எப்படி ஓடுகிறாள் என்று எழுது. வேண்டாம், எழுதாதே. சரி, எழுது.


டச்சஸ், ரேவன் தீவுக்கு அருகே நங்கூரத்தில்
17 ஜூலை 1980

அன்புள்ள மாமா,

அன்று மாலை நீங்கள் விருந்திலிருந்து வந்ததும் உங்களைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டலாமா என்று கோர்டனும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். பூட்டினால் உங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று தோன்றியதால் விட்டோம்.

பதினைந்து நாளாக இதில் இருக்கிறோம். கோர்டன் எழுந்தால் நான் உட்கார வேண்டும், நான் சமைத்தால் பிள்ளைகள் மேலே போக வேண்டும். மூன்று நாள் மழை. ஈரத்துணி தொங்காத இடம் படகிலேயே பாய்மர உச்சி ஒன்றுதான். ஆனாலும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கலங்கரை விளக்குவரை போனோம். தென்மேற்குக் காற்று. மாகோன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய புதுப் படகு, பளபளவென்று, முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டோம். சுக்கானைப் பிடித்தால் அவள் தானாகவே வழி பார்த்துப் போகிறாள். பஃபினுக்கும் இவளுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் இரண்டு இரவு யோசித்துவிட்டு எழுதுகிறேன்: டச்சஸில் ஒரு பழுதும் இல்லை, மாமா. எப்போதும் இருந்ததில்லை. அம்மாவுக்கு இது தெரியும் என்று நினைக்கிறேன். தேடு என்று சொன்னாளே தவிர, இருக்கிறது என்று அவள் ஒரு தடவையாவது சொன்னாளா?

அடுத்த ஆகஸ்டில் பஃபினில் நான், டச்சஸில் நீங்கள். விளக்குவரை. தோற்கத் தயாராக வாருங்கள்.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்க வேண்டும்.

இன்று காலை அடுப்புக்குக் கீழே இருக்கும் இழுப்பறை சிக்கிக்கொண்டது. ஸ்பூன் எல்லாம் அதில்தான். கோர்டன் இழுத்தார், பிள்ளைகள் இழுத்தார்கள், பிறகு நான் முழுதாகவே வெளியே உருவினேன். பின்னால் அத்தையின் சமையலறைத் துண்டில் சுற்றி, நூலால் கட்டி, உங்கள் கத்தி. நீங்கள் தேடாத ஒரே இடம் இழுப்பறைக்குப் பின்பக்கம் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது.

கத்தி கையில் இருந்தது. இழுப்பறை இல்லாததால் உள்பலகை தெரிந்தது. அதன் ஓரத்தில் வண்ணம் கொஞ்சம் கறுத்திருந்தது, ஒரு பொத்தான் அளவுக்கு. நான் குத்தவில்லை. முனையை வைத்துச் சும்மா அழுத்தினேன்.

ரம்பத்தையும் நல்ல ஓக் பலகை ஒன்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தீவுத் துறைக்குக் கொண்டுவாருங்கள். அத்தையிடம் சொல்ல வேண்டாம். கோர்டன் படுக்கைமேல் உட்கார்ந்து, தன் அம்மா வீட்டு அடித்தள அறையைப் பற்றி மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான் சொல்லிவிட்டேன்: ஒரே ஒரு பலகைதான், கையோடு கையாகப் பக்கத்துச் சட்டத்தையும் பார்த்துவிட்டால் மூன்றே மூன்று சனிக்கிழமையில் முடிந்துவிடும்.

மேவிஸ்